அலையும் வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும்!

பொழுது இன்னும் விடியவில்லை. கடற்கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. மணலில் ஒரே ஒருவர் நிற்கிறார். தோளில் காமிரா தொங்குகிறது. கண் கடல் மேல் இருக்கிறது.

அவர் மீன் பிடிக்க வந்தவர் அல்ல. காற்று வாங்க வந்தவரும் அல்ல. அலையைப் படம் பிடிக்க வந்தவர்!

ஒன்பது மணிக்கு அவர் ஆபீசில் இருக்க வேண்டும். அதற்கு முன்பு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். மாதக் கடைசி. பால்காரருக்குப் பணம் பாக்கி. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. தூரத்தில் ஓர் அலை எழும்புகிறது. அதன் முதுகில் ஒரு வாலிபன், பலகை மீது நிமிர்ந்து நிற்கிறான். “கிளிக்!”

இப்படிப்பட்டவர்கள் அமெரிக்காவில் உண்டு. ஆஸ்திரேலியாவில் உண்டு. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்திலும் இப்போது உண்டு.

“இது என்ன பைத்தியம்? வேலையும் வெட்டியும் உள்ளவன் செய்கிற காரியமா இது?” என்று சிலர் கேட்பார்கள். “ஆசை என்று வந்துவிட்டால் உத்தியோகத்தை உதறிவிட்டு முழு மூச்சாக இறங்க வேண்டியதுதானே!” என்று வேறு சிலர் சொல்வார்கள்.

இரண்டு பேச்சும் சரியல்ல. உத்தியோகத்தை விடாமல், குடும்பத்தையும் தவிக்க விடாமல், ஆசையையும் கொல்லாமல் வாழ முடியும். அப்படி வாழ்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அந்தக் கட்டுப்பாடுகளை மீறினால் ஆசையும் கெடும், வீடும் கெடும்.

அலைச் சறுக்கு

அலைச் சறுக்கு என்பது கடலில் ஆடும் விளையாட்டு. நீண்ட பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கைகளால் துழாவி, அலை எழும்பும் இடத்துக்குப் போக வேண்டும். அலை வந்து பலகையைத் தூக்கும். அந்த நொடியில் துள்ளி எழுந்து நிற்க வேண்டும். பிறகு அலையின் சரிவில் வழுக்கிக்கொண்டு கரைப் பக்கம் வர வேண்டும்.

இது ஹவாய்த் தீவு மக்களின் பழைய விளையாட்டு. அங்கிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியாவுக்குப் பரவியது. அங்கே அது வாலிபர்களின் மோகமாக மாறியது.

ஓர் அலை எழுந்து விழுவதற்குச் சில விநாடிகளே ஆகும். பிறகு அது நுரையாகி மணலில் மறைந்துவிடும். அதே அலை மறுபடி வராது. அந்த ஒரு நொடியை நிறுத்தி வைக்கும் சக்தி காமிராவுக்கு மட்டுமே உண்டு. அதனால்தான் விளையாட்டோடு கூடவே படம் பிடிக்கும் ஆசையும் வளர்ந்தது.

பல் டாக்டரின் ஆசை

முதலில் ஒரு பல் டாக்டரின் கதை.

அவர் பெயர் ஜான் ஹீத் பால். 1907-ஆம் ஆண்டு பிறந்தவர். நண்பர்கள் அவரை “டாக்” என்று செல்லமாக அழைப்பார்கள். “டாக்டர்” என்பதன் சுருக்கம் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பல் வைத்தியம் செய்து வந்தார்.

அவருக்கு முன்பே டாம் பிளேக் என்ற வீரர், காமிராவுக்குள் தண்ணீர் புகாதபடி ஒரு பெட்டி செய்து, கடலுக்குள் இருந்தே படம் எடுத்திருந்தார். அந்தப் படங்கள் 1931-ல் “லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்” பத்திரிகையில் வந்தன. பல் டாக்டர் அவற்றைப் பார்த்தார். “நானும் எடுப்பேன்!” என்று உறுதி கொண்டார்.

காமிராவுக்குத் தாமே ஒரு பெட்டி செய்துகொண்டார். பலகையோடும் காமிராவோடும் கடலில் இறங்கினார். 1935-ல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பாலோஸ் வெர்டிஸ் என்ற இடத்தின் பெயரால் ஓர் அலைச் சறுக்குச் சங்கம் தொடங்கினார்.

வைத்தியத் தொழிலை அவர் விடவில்லை. யுத்த காலத்தில் கப்பலிலும் பல் டாக்டராக வேலை பார்த்தார். 1944-ல் “நேஷனல் ஜியாகிரபிக்” என்ற புகழ்பெற்ற பத்திரிகையில் அவருடைய அலைப் படங்கள் வெளிவந்தன. 1946-ல் படங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். எத்தனை பிரதிகள் தெரியுமா? 510!

510 பிரதிகளை விற்று மனைவி மக்களைக் காப்பாற்ற முடியுமா? முடியாது. ஆனால் அதைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. சோறு போட பல் வைத்தியம் இருந்தது. ஆகவே புத்தகத்தை ஆசைக்காக அச்சிட முடிந்தது. இன்று அந்தப் புத்தகம் அலைச் சறுக்கு வரலாற்றில் ஒரு பொக்கிஷமாக மதிக்கப்படுகிறது.

அதே கலிபோர்னியாவில் டான் ஜேம்ஸ் என்று இன்னொருவர் இருந்தார். அவரும் அலைகளைப் படம் எடுத்துப் பேர் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அவரும் பல் டாக்டர்தான்!

டெலிபோன் கம்பெனி ஊழியர்

மூன்றாமவர் கதைதான் குடும்பஸ்தர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அவர் பெயர் லீராய் கிரானிஸ். கலிபோர்னியாவில் ஹெர்மோசா பீச் என்ற கடற்கரை ஊரில் 1917-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பலகை ஏறக் கற்றுக்கொண்டார். பல் டாக்டரின் சங்கத்தில் அவரும் ஓர் உறுப்பினர்.

பிறகு வாழ்க்கை அவரையும் பிடித்து இழுத்தது. 1939-ல் கல்யாணம். அப்புறம் யுத்தம். டெலிபோன் கம்பெனியில் வேலை. நான்கு குழந்தைகள். பொறுப்பு மேல் பொறுப்பு.

வயது நாற்பதைத் தாண்டியது. வயிற்றில் புண் வந்துவிட்டது. டாக்டரிடம் போனார். “உமக்கு வேலைக் கவலை அதிகம். மனத்துக்கு இதமாக ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளும்” என்பது டாக்டர் சொன்ன யோசனை.

இங்கே ஒரு விஷயம். வயிற்றுப் புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நம்பினார்கள். பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்கு ஒரு வகைக் கிருமியும், சில வலி மாத்திரைகளுமே காரணம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இன்று யாருக்காவது வயிற்றுப் புண் வந்தால் காமிரா வாங்க ஓடக்கூடாது; டாக்டரிடம்தான் ஓட வேண்டும்.

ஆனாலும் அந்த டாக்டர் சொன்ன யோசனை வீண் போகவில்லை. புண்ணுக்கு அது மருந்தோ இல்லையோ, மனிதருக்கு மருந்தாக அமைந்தது!

கிரானிஸ் காமிராவை எடுத்தார். கார் நிறுத்தும் கொட்டகையில் ஓர் இருட்டறை அமைத்தார். தாமே பிலிமைக் கழுவிப் படம் போட்டார். அப்போது அவருக்கு வயது 42.

கடலில் இருக்கும்போது பிலிம் தீர்ந்துவிட்டால், மாற்றுவதற்குக் கரைக்கு நீந்தி வர வேண்டும். அதற்குள் நல்ல அலைகள் போய்விடும். கிரானிஸ் அதற்கும் ஒரு வழி கண்டார். உள்ளே ரப்பர் வைத்த ஒரு பெட்டி செய்து பலகையிலேயே ஒட்டிக்கொள்ளும்படி பொருத்தினார். நடுக்கடலிலேயே பிலிம் மாற்றினார்!

அவர் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1964-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஓர் அலைச் சறுக்குப் பத்திரிகையே தொடங்கினார். 1966-ல் அலைப் படக்காரர்களில் முதல்வர் என்று அவரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தார்கள்.

டெலிபோன் கம்பெனி வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றது எப்போது? 1977-ல்!

அதாவது, துறையில் முதல்வர் என்று பெயர் எடுத்தபோது அவர் மாதச் சம்பளக்காரர். நான்கு குழந்தைகளின் தகப்பனார். “முழு நேரம் இறங்கினால்தான் முன்னுக்கு வரலாம்” என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. குடும்பஸ்தனுக்கு உத்தியோகம் ஒரு சுவர். குடும்பம் இன்னொரு சுவர். இரண்டையும் இடித்துவிட்டுச் சித்திரம் எழுதப் புறப்பட்டால் எழுத இடம் இராது.

உத்தியோகம் ஆசைக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல சமயம் அது ஆசைக்குக் காவல்.

படம் விற்றால்தான் அரிசி வாங்கலாம் என்ற நிலை வந்தால் என்ன ஆகும்? விற்கிற படத்தைத்தான் எடுக்க வேண்டும். பத்திரிகை முதலாளி கேட்கிற படம், பலகைக் கம்பெனி கேட்கிற படம், பனியன் கம்பெனி கேட்கிற படம். பிடித்த படத்துக்கு நேரம் இராது. கடலுக்கோ சம்பளத் தேதி தெரியாது. மாதம் முழுவதும் அலை இல்லாமல் குளம் போலக் கிடந்தால் அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரியாது.

சம்பளம் வாங்குகிறவனுக்கு இந்தப் பயம் இல்லை. அவன் தன் மனத்துக்குப் பிடித்ததை எடுக்கலாம். நண்பர்களை எடுக்கலாம். வேறு யாரும் கேட்காத காட்சியை எடுக்கலாம். பல் டாக்டர் எடுத்தது பெரும்பாலும் தம் சங்கத்து நண்பர்களைத்தான். அதனால்தான் அந்தப் படங்களில் உயிர் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட்டவர்களும் உண்டு. டாம் பிளேக் அப்படிப்பட்டவர். கடலே கதி என்று வாழ்ந்தார். கல்யாணம் நிலைக்கவில்லை. ஓர் இடத்தில் தங்கிக் குடும்பம் நடத்தவில்லை. 1994-ல், தொண்ணூறு வயதைக் கடந்து காலமானார். அவர் செய்த காரியங்கள் பெரியவை. அது ஒரு வழி. ஆனால் கழுத்தில் தாலி கட்டி, கையில் குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகு அந்த வழியில் போகிறேன் என்று ஒருவன் புறப்பட்டால், அதற்கான விலையை அவன் மட்டும் கொடுப்பதில்லை. மனைவியும் மக்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள். அது நியாயமா?

ஒரு வீட்டுக் காட்சி

சென்னையில் ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் நாலரை மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவளத்துக்குப் போய்விட்டான். “எட்டு மணிக்கு வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எட்டு ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பத்தரைக்கு வந்து சேர்ந்தான்.

“என்னங்க, எட்டு மணி என்றீர்களே?”

“இன்றைக்கு அலை ரொம்ப நன்றாக இருந்தது. விட்டு வர மனசு வரவில்லை.”

“பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் ஜுரம். மருந்துக் கடைக்குப் போகக்கூட ஆள் இல்லை.”

“போன் செய்திருக்கலாமே?”

“செய்தேன். நீங்கள்தான் எடுக்கவில்லை.”

அவன் காமிராவைத் துடைத்தபடி நிற்கிறான். பதில் வரவில்லை.

இந்த வீட்டில் தப்பு காமிராவிடம் இல்லை. கடலிடமும் இல்லை. அவன் ஞாயிறு காலை போனதுகூடத் தப்பில்லை. எட்டு என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வந்தானே, அதுதான் தப்பு. ராத்திரி குழந்தைக்கு ஜுரம் இருந்ததை அறியாமல் புறப்பட்டானே, அது அதைவிடப் பெரிய தப்பு.

முதல் கட்டுப்பாடு: நேரம்

கலிபோர்னியாப் படக்காரர்களுக்கு இயற்கையே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது.

காலையில் கடல் காற்று கிளம்புவதற்கு முன்பு தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அலையின் முகம் வழவழவென்று தெரியும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிறது. நிலத்தின் மேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று ஓடி வருகிறது. அது அலையின் முகத்தைக் கலைத்துவிடுகிறது. ஆகவே பெரும்பாலான நாட்களில் நல்ல படத்துக்கு ஏற்ற நேரம் அதிகாலைதான்.

இன்னொரு வசதியும் உண்டு. கலிபோர்னியாவில் கடல் மேற்கே இருக்கிறது. காலைச் சூரியன் படக்காரரின் முதுகுப் பக்கம் எழுந்து அலையின் மேல் வெளிச்சம் போடுகிறது. கோவளத்தில் இது தலைகீழ். அங்கே சூரியன் கடலுக்கு மேலே எழுந்து படக்காரரின் கண்ணைக் கூசச் செய்கிறது. அங்கே எடுப்பவர்கள் அதற்குத் தக்கபடி பழக வேண்டும். ஆனால் அங்கும் அதிகாலைக் கடல் அமைதியானதுதான்.

இதிலிருந்து தெரிவது என்ன? ஆபீசுக்குப் போகிறவனுக்கும் அலைக்கும் சண்டை இல்லை. விடியலில் எழுந்திருக்கத் தயாராக இருந்தால் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரம் யாருடைய பங்கும் அல்ல. அவன் தூக்கத்திலிருந்து எடுத்த பங்கு.

ஆனால் புறப்படும்போது சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசி அலை என்று ஒன்று கடலில் கிடையாது. அடுத்தது வந்துகொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டியவன் மனிதன்தான். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வருஷத்திலேயே பெரிய அலை வரலாம். அப்போது அவன் ஆபீஸ் நாற்காலியில் இருப்பான். அந்த அலை அவனுக்கு இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் தாங்க முடியாத நஷ்டம் அல்ல.

இரண்டாவது கட்டுப்பாடு: பணம்

காமிரா மலிவான பொருள் அல்ல. தூரத்து அலையைப் பக்கத்தில் காட்டும் நீண்ட லென்ஸ் அதைவிட விலை. உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டும் கெடும். தண்ணீர் புகாத பெட்டிக்கு வேறு செலவு.

பழைய படக்காரர்கள் என்ன செய்தார்கள்? பல் டாக்டர் பெட்டியைத் தாமே செய்தார். டெலிபோன் ஊழியர் இருட்டறையைக் கார் கொட்டகையில் வைத்தார். வாங்க முடியாததைக் கைவேலையால் செய்துகொண்டார்கள்.

குடும்பஸ்தனுக்கு இது நல்ல பாடம். கடன் வாங்கிக் காமிரா வாங்கக்கூடாது. மனைவிக்குத் தெரியாமல் தவணை கட்டக்கூடாது. பள்ளிக்கூடச் சம்பளம், வாடகை, மளிகை, மருந்து இவற்றுக்கு ஒதுக்கிய பிறகு மிச்சம் இருந்தால் ஓர் உண்டியலில் போட்டு வர வேண்டும். உண்டியல் நிறைந்த பிறகு லென்ஸ் வாங்கலாம். உண்டியல் நிறையும் வரை பழைய லென்ஸ் போதும்.

படம் விற்றுப் பணம் வந்தால், அதில் ஒரு பங்கு வீட்டுக்கும் வர வேண்டும். அப்போதுதான் “அவர் காமிரா” என்பது “நம் வீட்டுக் காமிரா” ஆகும்.

மூன்றாவது கட்டுப்பாடு: அவளுக்கும் ஒரு நேரம்

பத்திரிகையில் படம் வருகிறது. படத்தின் கீழே ஒரு பெயர் அச்சாகிறது. அது படம் எடுத்தவர் பெயர்.

ஆனால் அவர் கடற்கரையில் நின்ற நேரத்தில் வீட்டில் குழந்தையை எழுப்பியது யார்? பல் துலக்கி, தலை வாரி, சாப்பாடு கட்டிக் கொடுத்தது யார்? அந்தப் பெயர் எங்கும் அச்சாவதில்லை.

ஒருவருடைய பொழுதுபோக்கு நேரம் பெரும்பாலும் இன்னொருவருடைய வேலை நேரமாக இருக்கிறது. இதைக் கணவன்மார் மறக்கவே கூடாது.

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அவனுக்கு என்றால், ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அவளுக்கு. அவள் கோயிலுக்குப் போகலாம், தோழி வீட்டுக்குப் போகலாம், தையல் வேலை செய்யலாம், புத்தகம் படிக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் செய்யலாம். அதைக் கேட்க அவனுக்கு உரிமை இல்லை. அந்த நேரத்தில் குழந்தையும் அடுப்பும் அவன் பொறுப்பு. “எனக்குச் சமைக்கத் தெரியாதே” என்று சொல்லக்கூடாது. தண்ணீர் புகாத பெட்டி செய்யத் தெரிந்தவனுக்குச் சோறு வடிக்கவா தெரியாது?

படம் எடுக்கும் ஆசை மனைவிக்கு இருந்தாலும் இதே கணக்குத்தான். அவள் காமிராவை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகட்டும். அவன் வீட்டில் இட்லி ஊற்றட்டும்.

இந்தக் கணக்கு நேராக இருக்கும் வீட்டில் சண்டை குறையும். காமிராவைக் கண்டால் மனைவிக்குக் கோபம் வராது.

இன்றைய ஆபத்து

பழைய காலத்தில் ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள்தான். 36 ஆனதும் காமிரா நின்றுவிடும். கூடுதல் சுருளுக்குக் காசு வேண்டும். ஆகவே நல்ல அலைக்குக் காத்திருந்து, யோசித்து, பிறகுதான் அழுத்துவார்கள்.

இன்று பிலிம் இல்லை. ஒரு காலைப் பொழுதில் ஆயிரம் படம் எடுக்கலாம். செலவு இல்லை என்று தோன்றும். ஆனால் செலவு இருக்கிறது. ஆயிரம் படத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நல்லதைப் பொறுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் நிறம் சரி செய்ய வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் எடுத்தவன், அந்த வாரம் முழுவதும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான். உடம்பு வீட்டில் இருக்கிறது. ஆள் வீட்டில் இல்லை!

இன்னொன்று, கையிலுள்ள செல்போன். நாளைக்கு எத்தனை அடி அலை வரும், காற்று எந்தப் பக்கம் வீசும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. குழந்தை பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது தகப்பனார் செல்போனில் அலைக் கணக்குப் பார்க்கிறார். குழந்தைக்குத் தெரியாதா? தெரியும். அது கதையைப் பாதியில் நிறுத்திவிடும். மறுபடி சொல்லவும் சொல்லாது.

அன்றைக்குப் பிலிம் போட்ட வேலியை இன்றைக்கு மனிதன் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு காலைக்கு இத்தனை படம்தான். ராத்திரி இத்தனை மணிக்குக் கம்ப்யூட்டரை மூட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் செல்போன் அலமாரியில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளும் வரட்டும்

பிள்ளைகளை அவ்வப்போது கூட அழைத்துப் போகலாம். அலை எப்படி வருகிறது, காற்று ஏன் மாறுகிறது என்று அவர்களுக்குக் காட்டலாம். காமிராவை ஒரு நிமிஷம் அவர்கள் கையிலும் கொடுக்கலாம். கடலில் மட்டும் ஜாக்கிரதை தேவை. கண்ணைக் காமிராவில் வைத்திருப்பவனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது. குழந்தை கூட வரும் நாளில் அவன் தகப்பன் மட்டும்தான்; படக்காரன் அல்ல. அன்று ஒரு படமும் எடுக்காமல் திரும்பினாலும் நஷ்டம் இல்லை.

எடுத்த படங்களைப் பத்திரமாக வைப்பதும் ஒரு பொறுப்பு. 1964-ல் வட கலிபோர்னியாவில் பெரும் வெள்ளம் வந்தது. அங்கே குடியேறியிருந்த பல் டாக்டரின் பழைய பிலிம்கள் பலவும் அதில் நாசமாயின. பல வருஷத்து உழைப்பு ஒரே வெள்ளத்தில் போயிற்று! புத்தகம் அச்சாகியிருந்ததால் அதில் இருந்த படங்களாவது மிஞ்சின. ஆகவே படங்களுக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறிடத்தில்.

இவ்வளவு இழந்தும் பல் டாக்டர் மூலையில் முடங்கிவிடவில்லை. முதுமையிலும் பலகை ஏறினார். 2001-ல் காலமானபோது அவருக்கு வயது 94.

அலை ஓய்ந்த பிறகா?

“இப்போது முடியாது. பிள்ளைகள் பெரியவர்கள் ஆகட்டும். ரிடையர் ஆகட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்பவர்கள் ஏராளம். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று காத்திருந்தவன் கதைதான் அது. அலை ஓயாது. பொறுப்பும் ஓயாது. பெரியவள் கல்யாணம் முடிந்தால் சின்னவன் படிப்பு. அது முடிந்தால் பேரக் குழந்தை. பிறகு முழங்கால் வலி!

டெலிபோன் ஊழியர் அப்படிக் காத்திருக்கவில்லை. ஓய்வு பெறுவதற்குப் பதினேழு வருஷம் முன்பே காமிராவை எடுத்தார். காத்திருந்தால் அந்தப் பதினேழு வருஷத்து அலைகளும், அவற்றில் ஏறிய வாலிபர்களும் யார் கண்ணிலும் படாமல் மறைந்திருப்பார்கள். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவருடைய படங்கள் பெரிய புத்தகமாக வந்தன. கண்காட்சிகளில் தொங்கின. 2011-ல் 93-வது வயதில் அவர் காலமானார்.

அவருக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. கடற்கரை ஊரிலேயே பிறந்தார். எல்லோருக்கும் அது வாய்க்காது. கடலுக்கு நாற்பது மைல் தள்ளி இருப்பவன் வாரா வாரம் போக முடியாது. மாதம் ஒரு முறை போகட்டும். ஆசை என்பது அலையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒருவனுக்கு நாதஸ்வரம். ஒருவனுக்குத் தோட்டம். ஒருத்திக்குக் கதை எழுதுவது. எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

சம்பளத்துக்குச் செய்யும் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்குச் சேர வேண்டியது முதலில் சேர வேண்டும். அதன் பிறகு மிஞ்சும் நேரம் இரண்டு மணியானாலும் சரி, அரை மணியானாலும் சரி, அதை வெட்கப்படாமல் ஆசைக்குக் கொடுக்க வேண்டும். மனைவிக்கும் அதே அளவு நேரம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டு மணி என்று சொன்னவன் எட்டு மணிக்கு வீடு வந்து சேரட்டும். வரும்போது எடுத்து வந்த படங்களில் ஒன்றையாவது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், “காப்பி போட்டிருக்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள்” என்று மனைவியே எழுப்பி அனுப்புவாள்!